அவர் அடுத்த பெட்டியில் இருக்கிறார்

ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். இன்றைக்கும் அப்படித்தான். பிள்ளைகள் டிக்கெட் எடுத்து, இருக்கையைக் காட்டி, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கையில் கொடுத்து அனுப்பினாலும், வண்டி அசைந்தவுடன் எதிரில் இருப்பவரிடம் இது சரியான வண்டிதானே என்று ஒரு தடவையாவது கேட்டுவிடுவேன். அவர் ஆமாம் என்றதும் பக்கத்தில் இருப்பவரிடமும் கேட்பேன். இதைச் சொல்லிச் சொல்லி என் மகள் சிரிப்பாள். இப்படிப்பட்ட நான் நன்னிலத்திலிருந்து கோதாவரிச் சீமை வரைக்கும் தன்னந்தனியாகப் போய்வந்தவள் என்றால் அவள் பாதிதான் நம்புகிறாள். மீதிப் பாதிக்காக இதை எழுதுகிறேன்.

திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. எங்கள் பக்கத்தில் அறுப்பு வந்தால் கூடவே தகராறும் வரும். அந்த வருஷம் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டோம். பண்ணையார் மறுத்துவிட்டு, வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து வயலில் இறக்கினார். எங்கள் ஆட்கள் போய் மறித்தார்கள். களத்துமேட்டில் அடிதடியாகி, அன்று சாயங்காலமே தெருவுக்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. கேஸில் என் வீட்டுக்காரர் பெயரும் இருந்தது. கட்டிய வேட்டியோடு வாய்க்காலில் இறங்கி அக்கரைக்குப் போனவர் போனவர்தான். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட நிறையவில்லை.

பிறகு தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை நடந்து கூலி உயர்ந்தது. கேஸையும் வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். ஓடிப்போனவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்து, அதே பண்ணையார் வயலில் ஏரும் பிடித்தார்கள். இவர் மட்டும் வரவில்லை. உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாமல் இரண்டு அறுப்பு போயிற்று. கடைசியில் ஆந்திராவில் ஊர் ஊராகக் கைலி விற்கப் போகும் கூத்தாநல்லூர் ராவுத்தர் ஒருவர்தான் துப்புக் கொண்டுவந்தார். தாடேபள்ளிகூடம் என்ற ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பண்ணை வேலை செய்கிறாராம். கேஸ் இல்லை, ஊருக்கு வா என்று ராவுத்தர் சொல்லியும் நம்பவில்லையாம். போலீஸ் உங்களையும் மிரட்டி இப்படிச் சொல்ல வைத்திருக்கும் என்றாராம்.

அன்று ராத்திரிச் சோற்றைப் போட்டுக்கொண்டே என் மாமியார் முடிவெடுத்தார். "ஆம்பள யாரு போனாலும் திரும்ப ஓடுவான். நீ போ. பொண்டாட்டி மொகத்தப் பாத்தா நிப்பான்."

எனக்குக் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. நான் எப்படிப்பட்டவள் என்று தெருவுக்கே தெரியும். நன்னிலம் சந்தைக்கு மாமியாரின் முந்தானையைப் பிடிக்காத குறையாகத்தான் போவேன். பஸ் ஹாரன் அடித்தால் வரப்பைவிட்டு வயலில் இறங்கி நிற்பேன். தெருப்பிள்ளைகளே என்னைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் சொல்லும். ஆனால் காவிரியில் தண்ணீர் வந்து நடவு தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில் இன்னொரு ஆளையும் வயலிலிருந்து எடுத்து எனக்குத் துணைக்கு அனுப்ப வழியில்லை. ராவுத்தரும் மஞ்சள்காமாலையில் படுத்துவிட்டார்.

வண்டியைவிடப் பெரிய பயம் ஒன்றும் எனக்கு இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு அறுப்புக் காலம் ஒரு ஆம்பிளை வேற்றூரில் தனியாகவா இருப்பான்? அங்கே ஒரு குடும்பம் இருந்தால் நான் எந்த முகத்தோடு திரும்பி வருவேன்?

புறப்படும்போது இரண்டு பேர் புத்தி சொன்னார்கள். படுத்த படுக்கையில் இருந்த ராவுத்தர் வழி சொன்னார். மெட்ராசில் கல்கத்தா வண்டியில் ஏறு. ராத்திரியெல்லாம் போகும். காலையில் பார்த்துக்கொண்டே இரு. நம்ம ஊர் மாதிரியே வயலும் வாய்க்காலும் தென்னையுமாக வரும். அதைப் பார்த்ததும் மூட்டையைக் கையில் எடுத்துக்கொள் என்றார். மாமியார் சொன்னது வேறு. "தனியா வர்றேன்னு யாருகிட்டயும் சொல்லிடாத. யாராச்சும் கேட்டா, அவர் அடுத்த பெட்டியில இருக்காருன்னு சொல்லு." இந்த இரண்டு புத்தியும் சேர்ந்துதான் என்னை அந்தப் பாடு படுத்தின.

மெட்ராஸ் வந்து சேர்ந்த கதையை விட்டுவிடுகிறேன். ஒரு ஸ்டேஷனில் இறங்கி இன்னொரு ஸ்டேஷனுக்குப் போகவேண்டும் என்பதே எனக்குத் திகைப்பாக இருந்தது. சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் நேர்வழியில்தான் கொண்டுபோகிறாரா என்று தெரியாமல், அவர் திரும்பிய ஒவ்வொரு தெருமுனையிலும் குலதெய்வத்துக்கு ஒன்று நேர்ந்துகொண்டே வந்தேன். இறக்கிவிட்ட பிறகு பார்த்தால் அவர் பாவம், நல்ல மனிதர். கல்கத்தா வண்டி எங்கே நிற்கும் என்று உள்ளே வந்து காட்டிவிட்டுத்தான் போனார்.

வண்டியில் எனக்கு எதிரில் ஒரு தெலுங்கு அம்மாள் உட்கார்ந்திருந்தார். மூக்கின் இரண்டு பக்கமும் பேசரி, மடியில் ஒரு பெரிய தூக்கு. கொஞ்சம் தமிழ் வரும். வண்டி புறப்படுவதற்குள் என் ஊர், பேர், சாதி தவிர எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். சாதி கேட்கப்போகிறார் என்று நான் பயந்துகொண்டிருந்தபோது, கூட யார் வருகிறார்கள் என்று கேட்டார். மாமியார் சொல்லிக்கொடுத்தது வாயில் தயாராக இருந்தது. அவர் அடுத்த பெட்டியில் இருக்கிறார் என்றேன்.

பொய்யைச் சொன்ன பிறகு அதற்குச் சோறு போடவேண்டியிருந்தது. அம்மாள் தூக்கைத் திறந்து புளிச்சோறு எடுத்தார். எங்கள் வீட்டுப் புளிச்சோறு இருந்த என் மூட்டையை நானும் அவிழ்த்தேன். கூடவே மாமியார் மகனுக்காகக் கட்டிக்கொடுத்திருந்த சென்னாக்கூனியின் வாடை கிளம்பியது. கடலோரத்தில் பிடித்துக் காயவைக்கும் பொடி இறால் அது. எங்களுக்கு அது நாவில் ஊறும் வாசம். அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். நான் அவசரமாக முடிச்சைப் போட்டுவிட்டேன். அம்மாள் முகம் சுளிக்கவில்லை. தன் சோற்றை எனக்கு ஒரு இலையில் வைத்தார். பிறகு இன்னொரு இலையில் வைத்து மடித்து, இதை உன் வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு வா என்றார்.

அந்தக் காலத்துப் பெட்டிகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு உள்ளேயே போக வழி கிடையாது. வண்டி நின்றால் இறங்கி நடந்துதான் போகவேண்டும். ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்றது. போ, போ என்று அம்மாள் என்னைத் தள்ளாத குறை. மூட்டையை விட்டுப் போகப் பயம், போகாவிட்டால் பொய் தெரிந்துவிடுமே என்ற பயம். இலையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடினேன். அடுத்த பெட்டியின் ஜன்னலோரத்தில் வெள்ளை மீசையோடு ஒரு பெரியவர் இருந்தார். வேறு என்ன செய்வது? சோற்றை அவர் கையில் கொடுத்தேன். அவரும் ஏதோ வேண்டுதல் என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் மூச்சிரைக்கத் திரும்பி வந்து ஏறினேன்.

அம்மாள் ஜன்னலில் தலையை நீட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் உட்கார்ந்ததும் அவர் முகம் மாறியிருந்தது. அவரா, வயதானவராக இருக்கிறாரே என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, ஆனால் பரிவு தாங்க முடியவில்லை. தன் போர்வையைப் பாதி எனக்குக் கொடுத்தார். விடிவதற்கு முன்பு ஒரு ஸ்டேஷனில் இறங்கும்போது என் தலையில் கை வைத்து, எல்லாம் தலையெழுத்து அம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். கிழவருக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று இன்றுவரை அந்த அம்மாள் என்னை நினைத்திருப்பார்.

அதற்குப் பிறகு நான் கண் மூடவில்லை. இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் வர வர முதலில் பனைமரங்கள் தெரிந்தன, பிறகு பொட்டல். பிறகு சட்டென்று வந்தது எங்கள் ஊர். சத்தியமாக எங்கள் ஊர்தான். இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டியவரை சேற்று வயல், தண்ணீர் தளும்பும் வாய்க்கால், மதகு, கரையோரத் தென்னை, வரப்பில் தலையில் நாற்றுமுடி சுமந்து போகும் ஆட்கள், முழங்கால் வரை சேலையைச் செருகிக்கொண்டு வரிசையாகக் குனிந்து நடும் பெண்கள். அந்தச் சேற்று வாசம் ஜன்னல் வழியாக வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ராவுத்தர் சொன்ன இடம் வந்துவிட்டது என்று மூட்டையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

வண்டி நின்றது. யாரிடமாவது ஊர்ப் பெயரைக் கேட்டிருக்கலாம். கேட்டால், கூட யாரும் இல்லையா என்பார்கள், தனியாள் என்று தெரிந்துவிடும். வண்டி வேறு கிளம்பிவிடும் போல ஊதியது. குதித்து இறங்கினேன். வெளியே வந்து லைன் ஓரமாகவே நடந்து, நட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் ராவுத்தர் சொன்ன கிராமத்தின் பெயரைக் கேட்டேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி கேட்டேன். ஒருத்தி சேற்றிலிருந்து எழுந்து வந்து, என் கையைப் பிடித்து, வந்த வழியே ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டேஷன் மாஸ்டர் முன்னால் நிறுத்திவிட்டுப் போனாள்.

மாஸ்டர் முன்பு அரக்கோணத்தில் வேலை பார்த்தவராம். தமிழ் நன்றாகவே பேசினார். இது தெனாலி என்றார். இங்கே பாய்வது கிருஷ்ணா ஆற்றுத் தண்ணீர், நீ போகவேண்டியது கோதாவரிப் பாசனம், அதற்கு இன்னும் நெடுந்தூரம் போகவேண்டும் என்றார். காவிரி மாதிரி இன்னொரு ஆறு உலகத்தில் இருக்கிறது என்று ராவுத்தர் சொன்னபோதே கஷ்டப்பட்டுத்தான் ஒப்புக்கொண்டேன். மூன்றாவதாக ஒன்று நடுவில் வரும் என்று அவர் சொல்லவில்லை.

கூட வந்தது யார் என்று மாஸ்டர் கேட்டார். பழக்கதோஷம், அவர் அடுத்த பெட்டியில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். மாஸ்டர் பதறிப்போனார். வண்டி போய்விட்டதே, அவர் உன்னைக் காணாமல் தவிப்பாரே என்று டெலிபோனை எடுத்துச் சுழற்றத் தொடங்கினார். அடுத்த ஸ்டேஷனில் சொல்லி அவரை இறக்கி நிறுத்தப் போகிறாராம். "பேரச் சொல்லும்மா" என்றார்.

நான் எப்படிச் சொல்வேன்? எங்கள் பக்கத்தில் புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்வது கிடையாது. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவள்தான் எடுத்துச் சொல்லவேண்டும். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று என் மாமியார் நம்பினார், அதனால் நானும் நம்பினேன். அதோடு, அடுத்த ஸ்டேஷனில் அந்த வெள்ளை மீசைப் பெரியவரைப் பிடித்து இறக்கிவிட்டால் என்ன ஆவது? எல்லாம் சேர்ந்து அடைத்துக்கொண்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். "கூட யாருமில்லைங்க. தனியாத்தான் வந்தேன்" என்றேன். மாஸ்டர் டெலிபோனை மெல்லக் கீழே வைத்தார். என்னை ஒன்றும் திட்டவில்லை. காரமான ஊறுகாயோடு இட்லி வாங்கிக் கொடுக்கச் சொன்னார். காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது, அழுததற்கு அது நல்ல மறைப்பாக இருந்தது. அடுத்து வந்த வண்டியில் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டு, என்னைச் சரியான இடத்தில் இறக்கிவிடும்படி கார்டிடமும் சொல்லி அனுப்பினார்.

தாடேபள்ளிகூடத்தில் இறங்கியபோது உச்சி வெயில். ஜட்கா வண்டிக்காரர் கிராமத்து மரத்தடியில் இறக்கிவிட்டார். அங்கே நின்றவர்கள் யாரைத் தேடுகிறாய் என்று சைகையில் கேட்டார்கள். மறுபடி பேர் சொல்லவேண்டிய கட்டம். நான் விழித்துக்கொண்டு நின்றபோது, என் பேச்சைக் கேட்ட ஒருவர் "அரவோடா?" என்றார். தமிழ்க்காரனை அங்கே அப்படித்தான் சொல்வார்களாம். ஊரில் ஒரே ஒரு தமிழ் ஆள்தான் இருந்தார். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் பேரைச் சொல்லாமலே அவரிடம் போய்ச் சேர வழி கிடைத்துவிட்டது.

அவர் தங்கியிருந்த வீட்டை முதலில் காட்டினார்கள். வாசலுக்கு ஒரு பெண்பிள்ளை வந்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைத்தான் பார்த்தேன், குழந்தை இருக்கிறதா என்று. பிறகு முகத்தைப் பார்த்தேன். என் அம்மாவைவிட மூத்தவர், புருஷனை இழந்தவர், மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் வேலையாட்களைத் தங்கவைத்திருந்தார். அந்த அம்மாளின் காலில் விழலாம் போல இருந்தது. அவர்தான் வயலுக்குக் கைகாட்டினார்.

நடவு நடந்துகொண்டிருந்தது. முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். நாற்றுமுடிகளைக் கரையிலிருந்து விசிறிப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் ஆட்களுக்கே உரிய வீச்சு அது. ஒவ்வொரு முடியும் நடுகிறவளின் கைக்கு எட்டுகிற தூரத்தில், வேர் சேற்றில் படும்படி போய் உட்காரும். இளைத்திருந்தார். ஏங்க என்று கூப்பிட்டேன்.

திரும்பினார். என்னைப் பார்த்தார். அடுத்த நொடியே அவர் பார்வை என்னைத் தாண்டிப் போயிற்று, எனக்குப் பின்னால் பாதையில், மரத்தடியில், ஜட்கா வண்டியில். கையிலிருந்த முடியைப் போட்டுவிட்டு ஓடினார். வரப்பில் ஓடி, வாய்க்காலில் குதித்து, அக்கரைக் கோரைக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் போய் நின்றார். இத்தனை தூரம் வந்து என் புருஷன் என்னைக் கண்டு ஓடுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நட்ட பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"யாரு கூட வந்த?" என்றார் அங்கிருந்தே.

"யாரு கூடவும் இல்லங்க. தனியா வந்தேன்."

"பொய் சொல்லாத. நீ நன்னிலம் சந்தைக்கே எங்கம்மா இல்லாம போவ மாட்ட. ஜீப்பு எங்க நிக்கிது?"

கேஸ் வாபஸ் ஆன கதையைச் சொன்னேன். ஓடிப்போனவர்கள் திரும்பி வந்து வேலை செய்வதைச் சொன்னேன். அவர் அம்மா கட்டிக்கொடுத்த சென்னாக்கூனியைத் தூக்கிக் காட்டினேன். எதற்கும் அசையவில்லை. நான் சொன்னது எதுவும் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. நான் தனியாக வந்தேன் என்பதுதான் நம்ப முடியாததாக இருந்தது. இத்தனை வருஷம் நான் பயந்ததெல்லாம் அன்று எனக்கே எதிராக வந்து நின்றது. எனக்குக் கோபம் பொங்கிவிட்டது.

"போலீசு கூட்டியாந்திருந்தா நேரா இங்க கொண்டாந்து எறக்கியிருப்பாங்கல்ல? தெனாலியில எறங்கி, ஸ்டேசன் தரையில உக்காந்து அழுதுட்டு வர்றேன் நானு."

"தெனாலியிலயா எறங்குன?"

"வயலப் பாத்தேன். நம்ம ஊரு மாதிரியே இருந்துச்சு. நடவு வேற நடந்துக்கிட்டிருந்துச்சு. எறங்கிட்டேன்."

கோரையை விலக்கிக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். "போலீசுக்காரன் வயலப் பாத்து எறங்க மாட்டான்" என்றார். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு என் பக்கத்துக் கரைக்கு வந்தார்.

உடனே புறப்பட முடியவில்லை. நாற்றைப் பறித்துப் போட்டாயிற்று, நட்டு முடிக்காமல் போனால் காய்ந்துவிடும், சோறு போட்டவர்களுக்கு அதைச் செய்யக்கூடாது என்றார். எனக்கும் அதில் மறுபேச்சில்லை. மறுநாள் நானும் சேலையைச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினேன். நான் ஒரு குத்துக்கு எடுக்கும் நாற்று அதிகம் என்று அந்தப் பெண்கள் கையைத் தட்டித் தட்டிக் காட்டினார்கள். ஊர் வேறானாலும் இடுப்பு வலி ஒன்றுதான். மதியம் வெறுஞ்சோற்றில் ஆவக்காய் ஊறுகாயைப் பிசைந்து கொடுத்தார்கள். தெனாலியில் பழகிய நாக்கு, இந்தத் தடவை சமாளித்துவிட்டது. நான் சென்னாக்கூனியை வறுத்துக் கொடுத்தேன். அங்கே யாரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, இன்னும் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள்.

ஆனால் மனம் நிம்மதியாக இல்லை. அவர் வருகிறேன் என்றாரே தவிர, கண் நிலையாக இல்லை. யாராவது பாதையில் நடந்துவந்தால் எழுந்து நின்றுவிடுவார். நான் அவர் வேட்டி நுனி என் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் படுத்தேன்.

வண்டி ஏறும்போது புதிதாக ஒன்று சொன்னார். ஒன்றாக உட்கார வேண்டாம், யாராவது அடையாளம் சொல்லிவிடுவார்கள், எதற்கும் நான் அடுத்த பெட்டியில் வருகிறேன் என்றார். கெஞ்சிப் பார்த்தேன். கேட்கவில்லை. தன் மூட்டையைத் தனியாக எடுத்துக்கொண்டு அடுத்த பெட்டியில் போய் ஏறிவிட்டார்.

போகும்போது இருந்த பயம் பயமே இல்லை. அப்போது என்னை மட்டும்தான் நான் தொலைக்க முடியும். வரும்போது ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஜன்னலில் எட்டிப் பார்ப்பேன், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் அங்கேயே இருக்கிறாரா என்று. பெரிய ஸ்டேஷன்களில் போலீஸ் தொப்பியைக் கண்டால் அந்தத் துண்டு உள்ளே போய்விடும். மறுபடி வெளியே வருகிறவரைக்கும் எனக்கு மூச்சு வராது. தெனாலி வயல்கள் வந்தபோது ஆசையாகப் பார்க்கக்கூட முடியவில்லை.

மெட்ராசிலிருந்து வரும் வண்டியில் ஒரு தமிழ் அம்மாள், தனியாவா போறே என்று கேட்டார். அவர் அடுத்த பெட்டியில் இருக்கிறார் என்றேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். "எங்கம்மாவும் அப்படித்தான் சொல்லச் சொல்லுவாங்க. பயப்படாத, நான் மாயவரம் வரைக்கும் இருக்கேன்" என்றார். பொய் சொன்னபோது நம்பிக் கொடுத்தார்கள் சோறு. உண்மையைச் சொன்னபோது நம்ப ஆளில்லை. எனக்கே அது உண்மைதானா என்று அப்போது சந்தேகமாக இருந்தது.

மாயவரத்தில் வண்டி மாறினோம். அங்கேயும் அவர் அடுத்த பெட்டிதான். காலை வெயிலில் நன்னிலம் வந்தது. நான் இறங்கினேன். பிளாட்பாரத்தில் நாலைந்து பேர், ஒரு டீக்கடை. டீக்கடையில் கிளாசும் கையுமாக ஒரு போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த பெட்டியின் வாசலைப் பார்த்தேன். யாரும் இறங்கவில்லை. ஜன்னலில் துண்டு தெரியவில்லை. மறுபக்கம் இறங்கிவிட்டாரோ, இல்லை, வழியிலேயே எங்காவது இறங்கிப் போய்விட்டாரோ? ஏங்க என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கார்டு பச்சைக்கொடியை எடுத்தார். இந்த வண்டி திருவாரூர் போய்விடும், அங்கிருந்து அவர் எங்கே போவார் என்று யாருக்குத் தெரியும்? மறுபடியும் ஒரு கோதாவரியைத் தேடி நான் எந்த ராவுத்தரிடம் போய் நிற்பேன்?

அப்போது நான் அதுவரை செய்யாத காரியத்தைச் செய்தேன்.

"மாரிமுத்து" என்று கத்தினேன். பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது. "மாரிமுத்து, எறங்குங்க."

போலீஸ்காரர் திரும்பினார். என்னைப் பார்த்தார். நான் பார்த்த திசையில் வண்டியைப் பார்த்தார். அந்தப் பேர் அவருக்கு எதையும் ஞாபகப்படுத்தவில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்திருக்க வேண்டும். மறுபடி டீயை ஊதிக் குடிக்கத் தொடங்கினார்.

இதையெல்லாம் அடுத்த பெட்டியின் கதவுக்குப் பின்னாலிருந்து இன்னொருவரும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியபோது வாசலிலிருந்து முதலில் மூட்டை வந்து விழுந்தது. அதன் பின்னாலேயே அவர் குதித்தார். தள்ளாடி நின்று, போலீஸ்காரரை ஒரு தடவை நேராகப் பார்த்தார். போலீஸ்காரர் நிமிரவே இல்லை. துண்டைத் தலையிலிருந்து எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

மூட்டைகளை எடுத்துக்கொண்டு நடந்தோம். ஸ்டேஷன் தாண்டி வாய்க்கால் மதகு வந்ததும் நின்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பேரு சொல்லிக் கூப்புட்டத எங்கம்மாகிட்ட சொல்லிடாத" என்றார்.